வீடு யாருட பேர்ல? ஒரு நாடகத்துட கடைசி சீன் 3 தரம் மாறின கதை

திருகோணமலைல எங்கட நாடக ஒத்திகை தொடங்கி ஏழாவது கிழமை, ஞாயிறு பின்னேரம். கச்சான் காத்து அடிச்சு ஹோல் தகரக் கதவு தன்பாட்டுல அடிபட்டுக்கொண்டே இருந்தது, நாங்களும் அந்தச் சத்தத்தையே நாடகத்துக்கு எடுத்தா என்ன எண்டு கதைச்சுக்கொண்டு இருந்தம். ஏனெண்டா எங்கட கடைசி சீன் அதுதான். மனுசி பேக்க தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவா, கதவு படார் எண்டு அடிபடும், லயிட் ஓஃப். எங்களுக்கு அந்த நேரம் அது பெரிய விசயமா இருந்தது, சேர் கூட "இதோட சனம் உறைஞ்சு போகும்" எண்டார். அப்பதான் கிண்ணியா ராத்தா (முஸ்லிம் ஆக்கள் அக்காவ அப்படித்தான் கூப்பிடுற), அவ அண்டைக்கு தாய்ட பாத்திரம், ஒரு மூலைல பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவ, வாய்ல பணிஸோடயே கேட்டா: "அவ ஏன் போகணும்? வீடு அவட பேர்லதானே?"

ஒருத்தருக்கும் பதில் இல்ல. அண்டைக்கு ஒத்திகை அதோட நிண்டுட்டு.

இத எழுதுறதுக்கு காரணம் அந்தக் கேள்விதான். அது வர்றதுக்கு எங்களுக்கு 7 கிழமை போச்சு, வந்த பிறகு நாடகமே வேற நாடகமாயிட்டு. இடையில நாங்க விட்ட பிழைகளையும் சேர்த்துத்தான் எழுதுறன், அதுல ஒண்டு என்ட பிழை.

ஆக்கள்

நாங்க எட்டு பேர். சேர் பள்ளிக்கூடத்துல நாடகமும் அரங்கியலும் படிப்பிச்சு பென்சன் எடுத்தவர், எங்கள்ள ரெண்டு பேர் ஏ.எல்லுக்கு அவரிட்டதான் படிச்ச. ராத்தா பிரதேச செயலகமொண்டுல அபிவிருத்தி உத்தியோகத்தர். ஓட்டோ அண்ணா மணிக்கூட்டுக் கோபுரத்தடில ஓட்டோ ஓடுறவர். நிலாவெளி ஹோட்டல்ல வேலை செய்யிற தம்பி, பேங்க் தம்பி, நேர்சரி டீச்சர் அக்கா, கேம்பஸ் படிக்கிற தங்கச்சி, பிறகு நான். நான் நடிக்கிறல்ல. கொப்பி எழுதுறது, லயிட் போடுறது, டீ வாங்குறது, எல்லாரையும் வட்ஸ்அப்ல கரைச்சல் படுத்துறது, அதுதான் என்ட வேலை.

திருகோணமலைல மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் சீசன், ஹோட்டல் தம்பிக்கு லீவே கிடையாது. ராத்தாக்கு பொழுதுபட முன்ன பஸ் பிடிக்கணும். அதால ஞாயிறும் போயா தினமும், அதுதான் பௌர்ணமி லீவு, அப்பதான் ஒத்திகை, அதுலயும் எட்டு பேரும் ஒண்டா நிண்ட நாள் விரல் விட்டு எண்ணலாம். கிண்ணியா பாலம் 2009ல திறந்தது, 396 மீற்றர், அதுக்கு முன்ன பாதையில, அதுதான் ஃபெரில, தான் ஏறி இறங்கி வரணும். "பாலம் இல்லாட்டி நான் நாடகமும் இல்ல, உங்களோட பழக்கமும் இல்ல" எண்டு ராத்தா அடிக்கடி சொல்லுவா. உறவுகளப் பத்தி நாடகம் போட வந்த எங்களுக்கு அந்த வசனத்த கொப்பில எழுத தோணல்ல, பாருங்க.

முதல் 3 கிழமை: போன், போன், போன்

ஸ்கிரிப்ட் இல்லாம தொடங்கினம். "இந்தக் காலத்து உறவு" எண்டு ஒரு தலைப்பு மட்டும் இருந்தது. சேர் சொன்னார், ஆளுக்கொரு சாமான் கொண்டு வாங்க, உங்களுக்கு உறவு எண்டா ஞாபகம் வர்ற சாமான். ஆறு பேர் போனைக் கொண்டு வந்தாங்க. ஓட்டோ அண்ணா நகை அடகு வச்ச சீட்டு கொண்டு வந்தார். நேர்சரி டீச்சர் ஒரு திறப்புக் கோர்வை. திறப்பை நாங்க கணக்கிலயே எடுக்கல்ல, அது மேசைல சும்மா கிடந்தது, பிற்பாடு அதுதான் நாடகத்த தூக்கி நிறுத்தினது, அது வேற கதை.

போன வச்சு இம்ப்ரோ, அதுதான் எழுதி வைக்காம அந்த இடத்துலயே நடிச்சுப் பாக்கிறது, செய்யத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது. ப்ளூ டிக் விழுந்தும் பதில் இல்ல எண்டு சண்டை, வட்ஸ்அப்ல கடைசியா வந்த நேரத்த மறைச்சதுக்கு சண்டை, கனடால இருக்கிற மாப்பிளை வீடியோ கோல்ல நெட்வேர்க் போய் வாய் திறந்தபடி உறைஞ்சு நிக்கிற சீன். எல்லாத்துக்கும் சிரிச்சம். மூண்டாவது கிழமை கொப்பிய எடுத்து வாசிச்சுப் பாத்தா 14 சீன், 14ம் ஒரே சீன். ஒருத்தர் அனுப்புறார், மற்றவர் பதில் போடல்ல, பிறகு சண்டை. ஆக்கள்ட பேர் மட்டும்தான் வேற.

இன்னொரு கரைச்சலும் இருந்தது, மேடைல போன் செத்த சாமான். ஒரு ஆள் குனிஞ்சு ஒரு பலகைத் துண்டப் பாக்கிறார், அவ்வளவுதான் சனத்துக்கு தெரியும். அந்தாள்ட நெஞ்சு எவ்வளவு அடிச்சாலும் மூண்டாவது வரிசைல இருக்கிறவருக்கு அது ஏறாது. இது நாங்க மட்டும் பட்ட பாடில்ல, இப்ப வர்ற நாடகங்கள் கனக்கதுல இதே வியாதிதான்.

அதுக்கு மருந்து சொன்னது தம்பலகாமத்துப் பக்கம் கூத்து ஆடின ஒரு வயசான ஐயா. ஓட்டோ அண்ணாட சவாரிக்காரர், ஒரு நாள் சும்மா வந்து இருந்து பாத்தார். பாத்துப்போட்டு, "கூத்துல ஒருவன் காட்டுக்குப் போறான் எண்டா நாங்க காட்ட கொண்டு வர்றதில்லையே, தாளத்தால தானே கொண்டு போறம், நீங்க ஏன் போன கொண்டு வாறீங்க?" எண்டார். அண்டைக்கே கைத்தாளம் ஒரு சோடியும் இரவல் தந்தார். ஒரு தட்டு தட்டினா மெசேஜ் போயிட்டு. ரெண்டு தட்டு, போய்ச் சேர்ந்துட்டு. ப்ளூ டிக்குக்கு என்ன சத்தம் எண்டு ரெண்டு நாள் மண்டைய உடைச்சம். கடைசில பேங்க் தம்பிதான் தட்டின தாளத்த ரெண்டு கையாலயும் பொத்தினான், அதிர்வு அப்படியே அடங்கிப் போச்சு. வாசிச்சாச்சு, பதில் இல்ல. அந்த அமைதில எனக்கு முதுகு சில்லிட்டது, பொய் சொல்லல்ல. மெசேஜ் அனுப்புற ஆள் சனத்த பாத்து கதைப்பார், வாங்கிற ஆள் அவருக்கு முதுகு காட்டி நிப்பார். போன் எண்ட சாமானையே மேடைல இருந்து எடுத்துட்டம்.

பெருவில நடந்த ஒரு கதை

அஞ்சாவது கிழமை சேர் அகஸ்தோ போவால பத்தி சொன்னார். பிரேசில் நாட்டுக்காரர், 1931ல பிறந்து 2009ல செத்துப் போனவர். இப்ப நம்மட பக்கம் என்.ஜி.ஓ. நாடகம் எண்டா உடன ஞாபகம் வர்ற போரம் தியேட்டர், அதுதான் நாடகத்த நடுவுல நிப்பாட்டி சனத்த மேடைக்கு கூப்பிடுற முறை, அவரிட்ட இருந்து வந்தது. அது எப்படிப் பிறந்தது எண்ட கதை எனக்கு அண்டைக்குத்தான் தெரிய வந்தது.

1973ல பெருவில எழுத்தறிவுத் திட்டம் ஒண்டுக்காக போவால் வேலை செஞ்சுகொண்டு இருந்தார். அங்க ஒரு பொம்பிளை வந்து தன்ட கதைய சொல்லியிருக்கா. புருசன் வீடு கட்டுறம் எண்டு சொல்லி மாசம் மாசம் அவட்ட காசு வாங்கியிருக்கிறான், இடைக்கிடை ரசீது எண்டு வாசமடிக்கிற கடதாசித் துண்டுகளும் குடுத்திருக்கிறான். அவக்கு எழுத வாசிக்கத் தெரியாது, பத்திரமா மெத்தைக்கு கீழ வச்சிருக்கிறா. ஒரு நாள் ரெண்டு பேருக்கும் சண்டை, எதுக்கும் பாப்பம் எண்டு பக்கத்து வீட்டுக்காரியிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னா, அவ்வளவும் அவன்ட கள்ளக்காதலி எழுதின கடிதங்கள். வீடும் இல்ல, ரசீதும் இல்ல. இதை நாடகமாப் போட்டு இப்ப அவ என்ன செய்யணும் எண்டு சனத்திட்ட கேட்டிருக்கிறாங்க. ஒரு தடிச்ச பொம்பிளை ஒரு யோசனை சொன்னா, நடிகை அதச் செஞ்சு காட்டினா, "இப்படியில்ல" எண்டுட்டா. திருப்பிச் செஞ்சும் சரிவரல்ல. கடைசில நீங்களே வந்து செஞ்சு காட்டுங்க எண்டு கூப்பிட, அவ மேடைல ஏறி புருசனா நடிச்சவருக்கு விளாசு விளாசெண்டு விளாசிட்டாவாம். அதுல இருந்து தொடங்கினது அந்த முறை.

கதை முடிஞ்சதும் எல்லாரும் சிரிச்சம், ஓட்டோ அண்ணா மட்டும் சிரிக்கல்ல. "குவைத்துல இருந்து காசு அனுப்புற மனுசிமார் எத்தின பேர் எங்கட ஒழுங்கைல இருக்கிறாங்க, இஞ்ச அத்திவாரத்தோட நிக்குது வீடு" எண்டார். அதோட எங்கட நாடகத்துக்குள்ள முதல் தரம் வீடு எண்ட சொல் வந்தது.

நோர்வேக் கதவு

அதே நாள்தான் சேர் நோர்வே நாட்டுக்காரர் இப்சன்ட "பொம்மை வீடு" நாடகத்தையும் சொன்னார், பிழை அங்க தொடங்கினது. 1879 டிசெம்பர்ல கோப்பன்ஹேகன்ல முதல் மேடையேறினது. கடைசில நோரா புருசனையும் பிள்ளைகளையும் விட்டுட்டு வெளிய போவா, கதவு அடிபடும், அந்தக் கதவுச் சத்தம் ஐரோப்பா முழுக்க கேட்டது எண்டு சொல்லுவாங்க. நோர்வே எண்டோன்ன ஓட்டோ அண்ணா, "சமாதானம் பேச வந்தவங்களா சேர்?" எண்டு கேட்டார். அந்தச் சிரிப்பு அடங்க கொஞ்ச நேரம் எடுத்தது.

ஜெர்மனில நோராவா நடிக்க இருந்த நடிகை, பிள்ளைகள விட்டுட்டுப் போற மாதிரி நான் நடிக்க மாட்டன் எண்டு நிண்டுட்டா. வேற வழியில்லாம இப்சனே நோரா போகாத முடிவு ஒண்டும் எழுதிக் குடுத்தார், பிறகு தானே அதைக் காட்டுமிராண்டித்தனம் எண்டும் சொன்னார். இதக் கேட்டதும் நாங்க எல்லாம் வீராதி வீரராயிட்டம். எங்கட நாடகத்துல மனுசி போவா, கதவு அடிபடும், ஆரும் கெஞ்சினாலும் முடிவ மாத்த மாட்டம். ரெண்டு கிழமை அந்தக் கதவோடயே கிடந்தம். அதுக்குப் பிறகுதான் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு ராத்தா கேட்ட கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. நோர்வேயில கலியாணம் கட்டின பொம்பிளை தன்ட சொத்த தானே வச்சு ஆள சட்டம் இடம் குடுத்தது 1888ல, அந்த நாடகம் வந்து 9 வருசத்துக்குப் பிறகு. நோரா வெளிய போனது அவன்ட வீட்டுல இருந்து. எங்கட கிழக்கு மாகாணத்துல கதை தலைகீழ். மகளுக்கு வீடு குடுத்துத்தான் கட்டிக் குடுக்கிறது, மாப்பிளைதான் வந்து இருக்கிறது. தாய் தகப்பன் இருக்கிற வீட்ட மூத்தவளுக்கு எழுதிப்போட்டு பின்வளவுல கொட்டில் போட்டுக்கொண்டு போற சனம் நாங்க. தமிழ் ஆக்கள் மட்டுமில்ல, ராத்தா சொன்னா, "எங்கட பக்கமும் வீடில்லாத பொம்புளப் புள்ளைக்கு மாப்பிளையே வராது." உறுதி அவட பேர்ல, கரண்ட் பில் கூட சில இடத்துல அவட தாய்ட பேர்ல. அப்படி இருக்க அவ பேக்க தூக்கிக்கொண்டு எங்க போறா?

ராத்தா ஒஃபீஸ்ல நாளாந்தம் இந்தப் பிரச்சினைகள பாக்கிறவ, அதால சட்டத்தையும் சொன்னா. எங்கட பொதுச் சட்டத்துல, 1907ம் ஆண்டு வந்த கட்டளைச் சட்டம், விவாகரத்துக்கு 3 காரணம்தான்: வேற ஆளோட தொடர்பு, வேணுமெண்டே கைவிட்டுப் போறது, கலியாணம் கட்டக்குள்ளயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. முஸ்லிம் ஆக்களுக்கு சட்டம் வேற. ஒத்துவரல்ல, மனசு விட்டுப்போச்சு, அப்படி ஒரு காரணம் அதுல இல்லவே இல்ல. இதக் கேட்டுப்போட்டு கேம்பஸ் தங்கச்சி மெதுவா சொன்னா: "அப்ப கதவ அடிச்சுப்போட்டு போனா, கைவிட்டுப் போனவ எண்டு அவளைத்தானே சொல்லுவாங்க." நாங்க கைதட்டி வச்சிருந்த கதவு அவளுக்கு எதிரா வழக்காகிற கதவு. அடி உதை எண்டா 2005ம் ஆண்டு சட்டம் இருக்கு, அவன் வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டு கோட்ஸால கட்டளை எடுக்கலாம். எங்கட நாடகத்துல அவன் கை நீட்டுறவன் இல்லயே. நல்ல மனுசன், டீ போட்டுக் குடுப்பான், அவளுக்கு அவனோட இருக்க ஏலாமப் போச்சு, அவ்வளவுதான். அதுக்கு ஒரு பாரமும் இல்ல நிரப்புறதுக்கு.

ரெண்டாவது முடிவு

சரி, அப்ப அவன் போகட்டும். மாத்தினம். அவ திறப்ப காட்டி போ எண்டு சொல்லுவா, அவன் பேக்கோட இறங்குவான். எங்களுக்கு இது இன்னும் புதுசாப் பட்டது.

தெரிஞ்ச ஒரு 30 பேரக் கூப்பிட்டு போட்டுக் காட்டினம். ஹோட்டல் தம்பிதான் புருசன். பேக்கோட மேடைட ஓரத்துக்கு வந்து நிண்டான், அடுத்து என்ன எண்டு நாங்க யோசிச்சே இருக்கல்ல, இவனும் சும்மா நிக்கிறான். சனத்துக்குள்ள இருந்து ஒரு தாய், "ஐயோ பாவம், அது எங்க போகும்" எண்டா. சனம் முழுக்க அவன்ட பக்கம் சாஞ்சுட்டு. ஓட்டோ அண்ணா பிறகு விளங்கப்படுத்தினார்: அவன்ட தாய்ட வீடு அவன்ட தங்கச்சிக்கு எழுதியாச்சு, அங்க இப்ப மச்சான்காரன் இருக்கிறான். தகப்பன் இருந்த இடமும் தாய்ட வீடுதான். இந்த முறையில ஆம்பிளைக்கு சொந்தமா ஒரு வாசல்படி எப்பயுமே கிடையாது, பொம்பிளைக்கு வாசல்படிய விட்டா வேறொண்டும் கிடையாது. "எனக்கு சண்டை வந்தா நான் ஓட்டோக்குள்ளதான் படுக்கிற" எண்டார். பகிடியாத்தான் சொன்னார், ஆனா யாரும் சிரிக்கல்ல.

நவீன உறவு எண்டு நாங்க போனுக்குள்ள தேடித் திரிஞ்ச விசயம் இதுக்குள்ளதான் கிடந்தது. காதலிச்சுக் கட்டினாலும் சரி, போன் செயலியில கண்டு கட்டினாலும் சரி, கடைசில போய் நிக்கிறது அதே வீட்டு உறுதிக்கு முன்னாலதான். குழந்தை ம. சண்முகலிங்கம் "எந்தையும் தாயும்" நாடகத்துல பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு இஞ்ச மிஞ்சின வயசான ஆக்கள காட்டினார். அது யாழ்ப்பாணத்து வீடு. எங்கட பக்கத்து வீட்ட நாங்களே பாக்கல்ல, முன்னாலயே நிண்டுகொண்டு பாக்கல்ல.

என்ட பிழை

இத எழுதாம விடலாம், ஆனா விட்டா இந்த ஆய்வு பொய்யாப் போயிரும்.

நாடகத்துல எல்லாருக்கும் பிடிச்ச வசனம் ஒண்டு இருக்கு. மனுசி சொல்லுவா: "நான் பஸ்ஸால ஒரு தரிப்பு முன்னுக்கே இறங்கி நடந்து வருவன், வீடு வர சுணங்கட்டும் எண்டு." இது கேம்பஸ் தங்கச்சிக்கு தெரிஞ்ச ஒரு அக்கா தன்ட வாயால சொன்னது. அந்த அக்காட்ட கேட்டுத்தான் எடுத்தம், அவவும் ஓம் எண்டவ. எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடும் இருந்தது: உண்மையான கதை எடுத்தா ஊர், தொழில், பிள்ளைகள்ட கணக்கு மூண்டையும் மாத்தணும். மூண்டையும் மாத்தினம். ஆனா தங்கச்சி கதை சொல்லக்குள்ள அந்த வீட்டு கேட்டுல தகரத்துல வெட்டி ஒட்டின அன்னம் இருக்கெண்டு சும்மா சொன்னா, அது எனக்கு நல்லா இருந்தது, கொப்பில எழுதினன், பிறகு செட் செய்யக்குள்ள நானே அட்டைல அன்னம் வெட்டி கேட்டுல ஒட்டினன். வடிவா இருந்தது.

கூப்பிட்டிருந்த 30 பேருக்குள்ள அந்த ஒழுங்கைக்காரர் ஒருத்தர் இருந்திருக்கிறார். திருகோணமலை எவ்வளவு பெருசு? உப்புவெளில தும்மினா உவர்மலைல கேக்கும். அடுத்த நாள் காலைலயே அந்த அக்காக்கு போன் போயிட்டு. பின்னேரம் அவட புருசனுக்கும் தெரிஞ்சுட்டு.

அன்னத்த பிச்சு எறிஞ்சம், வசனத்தையும் எடுக்கட்டா எண்டு கேட்டம், தங்கச்சிதான் போய்க் கேட்டா. "வசனம் இருக்கட்டும், நீ இனி என்னோட கதைக்காத" எண்டுட்டாவாம். தங்கச்சி அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை வரல்ல. வந்த பிறகும் அந்த சீன் வரக்குள்ள வெளிய போய் நிப்பா. நான் மன்னிப்புக் கேட்டு ஒரு வாய்ஸ் அனுப்பினன். ப்ளூ டிக் விழுந்தது. தாளத்த பொத்தின மாதிரி.

இப்ப கட்டுப்பாட்ட மாத்தியிருக்கிறம். ஓம் எண்டு ஒருக்கா சொன்னா காணாது. செட், உடுப்பு, கைச்சாமான் எல்லாம் வச்சு கடைசி ஒத்திகை பாத்த பிறகு கதைக்கு சொந்தக்காரர் திருப்பி ஓம் எண்டணும், அதுக்குப் பிறகும் எப்ப வேணாம் எண்டாலும் எடுத்திரணும். கொப்பில வடிவா எழுதியிருக்கு. அந்த அக்காக்கு அதால ஒண்டும் ஆகப்போறல்ல.

மூண்டாவது முடிவ யார் எழுதின

முடிவு தெரியாம இருந்ததால சேர் சொன்னார், முடிவ நாங்க எழுதவேணாம், அந்த இடத்துல நிப்பாட்டி சனத்திட்ட விடுவம். இதுல ஒரு பகிடி. இலங்கைல மேடை நாடகத்துக்கு அனுமதி எடுக்கணும், 1912ம் ஆண்டுச் சட்டம், ஸ்கிரிப்ட எழுதிக் குடுக்கணும். சனம் என்ன சொல்லும் எண்டு எங்களுக்கே தெரியாது, எப்படி எழுதுறது? "இவ்விடத்தில் பார்வையாளர் தமது கருத்தைக் கூறுவர்" எண்டு நல்ல தமிழ்ல ஒரு வரி போட்டம்.

அன்புவழிபுரத்துப் பக்கம் ஒரு பொது மண்டபத்துல ரெண்டாவது தரம் போட்டம். அந்த இடம் வந்ததும் சேர் எழும்பி, "இப்ப இந்தப் பிள்ளை என்ன செய்யணும்?" எண்டு கேட்டார். கொஞ்ச நேரம் மின்விசிறி சத்தம் மட்டும். பிறகு ஒரு கிழவி தொடங்கினா. "வீடு அவளுட பேர்ல, சரி. மேல்வீடு கட்டின காசு யாருட? மேசனுக்கு கூலி குடுத்தது யாரு?" இது எங்கட கொப்பில இல்லாத விசயம். இன்னொரு அக்கா, "போ எண்டு சொல்லலாம் தங்கச்சி, பிறகு உன்ட தம்பிக்கு பொண்ணு தேடக்குள்ள என்ன சொல்லுவீங்க?" எண்டா. ஒரு பெடியன் பின்னால இருந்து "கவுன்சிலிங் போகலாமே" எண்டான், அவன யாரும் திரும்பியும் பாக்கல்ல.

பிறகு ஒரு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஆள், சாரம் கட்டினவர், தானா எழும்பி வந்தார். நான் புருசனா செய்யிறன் எண்டார். வந்து நடுமேடைல இருந்த பிளாஸ்டிக் கதிரைல இருந்தார். டீச்சர் அக்காதான் மனுசி, அவ போங்க எண்டா. அவர் பேசாம இருந்தார். கெஞ்சினா. கத்தினா. அவர் பேப்பர் வாசிக்கிற மாதிரி கைய விரிச்சுக்கொண்டு இருக்கிறார், கோவமும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் லயிட்டடில நிண்டு மணிக்கூட்ட பாத்தன், 4 நிமிசம். மேடைல 4 நிமிசம் எண்டா என்ன எண்டு மேடை ஏறினவங்களுக்குத் தெரியும். டீச்சர் அக்காக்கு செய்ய ஒண்டும் இல்லாமப் போச்சு. கடைசில மேசைல கிடந்த அந்த திறப்புக் கோர்வைய, முதல் நாள் அவவே கொண்டு வந்தது, எடுத்துக்கொண்டு போய் வெளிப்படில சனத்தப் பாத்துக்கொண்டு இருந்துட்டா. அவர் உள்ள கதிரைல. அவ வெளிய படில. வீட்டுத் திறப்பு அவ கைல.

முன்வரிசைல பொம்பிளைகள் சிலர் சீலைத் தலைப்பால முகத்த துடைச்சாங்க. அந்தாள் இறங்கிப் போகக்குள்ள சேர்ட கையப் பிடிச்சு, "என்ட வீட்டுல 11 வருசம் இப்படித்தான் தம்பி" எண்டுட்டு போயிட்டார்.

அதுதான் இப்ப முடிவு. நாங்க சேர்த்தது ஒண்டே ஒண்டு. அவ படில இருக்கிறா, உள்ளுக்க இருந்து அவன் சனத்த பாத்து சொல்லுவான், "சாப்பாடு இருக்கா?" ரெண்டு தட்டு. அவ முதுகு காட்டினபடி தாளத்த பொத்துவா. லயிட் உடன போகாது, அந்தக் கதிரையும் படியும் கொஞ்ச நேரம் தெரிஞ்சுகொண்டு இருக்கும். எவ்வளவு நேரம் எண்டதுல எனக்கும் சேருக்கும் இன்னும் சண்டை. அவர் 5 செக்கன் எண்டுறார், நான் 20.

இப்ப

நாலு தரம் போட்டாச்சு. மூதூர்ப் பக்கம் போட்டது நல்லாப் போனது, அங்க ஆம்பிளைகள்தான் கூடக் கதைச்சாங்க, அதுலயும் வீடில்லாத ஆம்பிளைட கதை. ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டம், கடைசில ரெண்டு பேரையும் சேர்த்து வச்சா தரலாம் எண்டாங்க. இப்சனுக்கு நடந்ததுதான், நாங்க பெருமையா வேணாம் எண்டுட்டம், ஹோல் வாடகைக்கு காசு தேடக்குள்ள அந்தப் பெருமை கொஞ்சம் குறைஞ்சது. டிக்கெட் இல்ல, வாசல்ல உண்டியல் ஒண்டு, ஒரு தரமும் ஓட்டோக் காசும் டீக்காசும் தாண்டி வரல்ல. நீளம் கூட, 70 நிமிசத்துல முதல் 20 இப்பயும் அந்தப் பழைய போன் பகிடிகள்தான், வெட்டணும் எண்டு எல்லாருக்கும் தெரியும், சனம் சிரிக்குதே எண்டு வெட்டாம வச்சிருக்கிறம். புருசன்ட பக்கம் இன்னும் மெலிவா இருக்கு. அவன் ஏன் எழும்பிப் போறல்ல எண்டு சாரம் கட்டின அந்தாளுக்குத் தெரிஞ்ச அளவு எங்களுக்குத் தெரியல்ல.

போன போயா அண்டைக்கு ஹோட்டல் தம்பி வந்து, கட்டாருக்கு விசா போட்டிருக்கிறன் எண்டான். சீசன் முடிஞ்சா ஹோட்டல்ல சம்பளம் பாதி, தங்கச்சிட வீட்டுக்கு கூரை போடணும், அவன்ட பேர்ல ஒண்டும் இல்லாத வீடு. புருசன் பாத்திரத்துக்கு வேற ஆள் தேடணும். அவனே சொன்னான், "கதிரைல இருக்கிறதுக்கு யாரையும் இருத்துங்க, குரல் நான் அங்க இருந்து வட்ஸ்அப்ல குடுக்கிறன்."

சேர் கண்ணாடிய கழட்டித் துடைச்சுக்கொண்டே சொன்னார், "முதல்ல விசா வரட்டும். இப்ப எழும்பி சீன் ரெண்டப் போடு."